ஸெஹ்ரா அம்மா வீட்டு விருந்தாளிகள்

அமாஸ்யா, துருக்கி
12 பெப்ரவரி 2012

அன்புள்ள அண்ணைக்கு,

சொன்னபடி தமிழில் எழுதுகிறேன். "ரெலிபோனிலை நீ ஓம், ஓம் எண்டு மட்டும்தான் சொல்லுவாய். கடிதம் எழுதுறதெண்டால் போ" என்று சொல்லித்தானே இந்த மூன்று மாத மாணவர் பரிமாற்றத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்கக் கூடாது.

சுகமாக வந்து சேர்ந்தோம். இஸ்தான்புல்லில் மற்ற மூன்று பிள்ளைகளும் பிரெஞ்சுப் பாஸ்போட்டைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார்கள். என்னுடைய அகதிப் புத்தகத்தை அந்த அதிகாரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இனி வழக்கமான கேள்விதான், ஏன் வந்தாய், எப்போது போவாய். எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த ரீச்சர் மார்கிரட் மடம் பக்கத்தில் வந்து, "அமாஸ்யாவில் ஒரு குடும்பம் இவளை விருந்தாளியாக அழைத்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னா. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முத்திரையைக் குத்தி, "ஹோஷ் கெல்தினிஸ்" என்றார். நல்வரவு என்று அர்த்தமாம். அண்ணை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தர் என்னிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

இந்த ஊர் ஒரு ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது. வீடுகள் ஆற்றுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பின்னால் செங்குத்தான பாறை. அந்தப் பாறையைக் குடைந்து பழைய ராசாக்களின் கல்லறைகள். நான் படுக்கிற அறை யன்னலைத் திறந்தால் ஒரு ராசாவின் வாசல் தெரியும். பயமாக இருக்கவில்லை. என்ன பார்க்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் மூன்று பேர். ரெம்ஸி ஐயா மினிபஸ் ஓடுகிறார். ஸெஹ்ரா அம்மா வீட்டில் இருக்கிறா. நெஸ்லிஹான் என்னுடைய வயது. அவளுடன் ஆங்கிலத்தில் கதைக்கிறேன், தாய் தகப்பனுக்கு அவள்தான் மொழிபெயர்ப்பு. வாசலில் சப்பாத்தைக் கழற்றின உடனே ஸெஹ்ரா அம்மா புதுச் செருப்பு ஒரு சோடி கொண்டுவந்து காலடியில் வைத்தா. எனக்கென்றே வாங்கியது. பிறகு ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் கையில் எலுமிச்சை மணக்கிற ஏதோ ஊற்றினா. நான் தீர்த்தம் என்று நினைத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன்! மூன்று பேரும் கத்தினார்கள். அது கை துடைக்கிற ஒடிக்கொலோன். வருகிற எவருக்கும் முதலில் அதைத்தான் ஊற்றுவார்களாம்.

வீட்டிலேயே வடிவான அறையை விருந்தாளிக்கென்று பூட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டு ஆட்கள் அதில் இருப்பதே இல்லையாம். அந்த அறைதான் எனக்கு.

தேத்தண்ணி சின்னக் கிளாசில் வருகிறது. குடித்து முடிக்க முதலே நிரப்பிவிடுகிறா. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நெஸ்லிஹான்தான் இரக்கப்பட்டு, கிளாசுக்கு மேலே கரண்டியைக் குறுக்கே வைத்துக் காட்டினாள். அதுதான் "போதும்".

இன்னொரு புதினம். இங்கே அம்மாவை "அன்னே" என்று கூப்பிடுகிறார்கள். நெஸ்லிஹான் சமைக்கிற தாயைக் குசினிப் பக்கம் பார்த்து "அன்னே!" என்று கத்தும்போதெல்லாம் நீங்கள் வந்துவிட்டீர்களோ என்று நான் திரும்பிப் பார்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள் தங்கச்சி
ரூபி


லா சப்பல், பாரிஸ்
22 பெப்ரவரி 2012

அன்பின் தங்கச்சி ரூபிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழை நாலைந்து இருந்தது. சிரிக்கவில்லை.

ஒடிக்கொலோனைக் குடிக்கப் போனாய் என்பதை வாசித்துவிட்டு வேலையில் நினைத்துச் சிரித்தேன். ரெஸ்ரோறன்ற் முதலாளி "சிவா, உடம்பு சரியில்லையோ" என்று கேட்டார். அந்தக் குசினியில் நான் சிரித்து அவர் பார்த்ததில்லைப் போல.

குளிருக்குள் தலையை மூடிக்கொண்டு போ. மாட்டிறைச்சி வைத்தால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லு. அந்த மனிதரின் மினிபஸ்ஸில் தனியப் போகாதே, பிள்ளையும் கூட வந்தால் போ. நல்ல மனிசராய் இருக்கலாம். எனக்குத் தெரியாது, அதுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. அவ்வளவையும் வாங்கிக்கொண்டு வராதே. செருப்பு, அறை, தேத்தண்ணி எல்லாம் சரி. யூன் மாதம் மாறி அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து நிற்கும்போது நாங்களும் செய்யவேணும். எங்களிடம் இருப்பது ஒரு அறையும் ஒரு குசினியும். நான் திரைச்சீலைக்குப் பின்னால் படுக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு எதைப் பூட்டி வைத்திருந்து திறந்து காட்டுவது? நீ போனதிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். சுவருக்கு வெள்ளை அடிக்கலாம் என்று இருக்கிறேன்.

ரூ பெர்தொனேத் தெருவில் புதிதாய் ஒன்றும் இல்லை. செவ்ரானிலிருந்து எங்கடை ஊர்க் கமலராணி அக்கா வந்து உன்னை விசாரித்தா. தன்னுடைய இரண்டு பெட்டையளும் உன்னைத் தேடுதுகளாம்.

நான் வேலைக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனி வழியே நடந்துதான் போகிறேன், உனக்குத் தெரியும். மேல் முனையில் எங்கடை கடைகள், கீழே போகப் போகத் துருக்கிக்காரரின் கடைகள். ஆறு வருசமாய் அந்தக் கடைகளைக் கடந்து போகிறேன், ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. உன் கடிதம் வந்தபிறகு ஒரு கடை வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தேன். நீ சொன்ன அதே கிளாஸ்தான். அந்தத் தேத்தண்ணி ஏன் அவ்வளவு சிவப்பு? என்ன போடுகிறார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன் அண்ணன்
சிவதர்சன்


அமாஸ்யா
11 மார்ச் 2012

அன்புள்ள அண்ணைக்கு,

தேத்தண்ணிக்குள் ஒன்றும் போடுவதில்லை. இரண்டு கேத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்று. மேலே இருக்கிறதில் தேயிலைச் சாயம், கீழே வெந்நீர். ஆவியிலேயே சாயம் கனநேரம் இருந்து ஊறுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் அந்தக் கடைக்குள் போய்க் கேளுங்கோ. கதவு கடிக்காது.

மாட்டிறைச்சிக்கு நான் வேண்டாம் என்று சொல்லவே தேவையிருக்கவில்லை. முதல்நாள் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததை ஸெஹ்ரா அம்மா பார்த்திருக்கிறா. ஏன் என்று கேட்கவில்லை. அடுத்தநாளிலிருந்து எனக்குக் கடலை, கத்தரிக்காய், இல்லாவிட்டால் மீன். போன கிழமை பக்கத்து வீட்டுக்குத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் எனக்கென்று உருளைக்கிழங்கு வைத்த ரொட்டி தனியாக இருந்தது. நான் போக முதலே சொல்லி அனுப்பியிருக்கிறா! திரும்பி வரும்போது அவர்களின் கோப்பையில் பலகாரம் தந்துவிட்டார்கள். மறுநாள் அந்தக் கோப்பையை நான் கழுவிக் கொண்டுபோக வெளிக்கிட, நெஸ்லிஹான் மறித்துவிட்டாள். வெறுங் கோப்பை போகக் கூடாதாம். அப்பிள் நிரப்பிக் கொண்டுபோனோம். அப்படியென்றால் இந்தக் கோப்பைகளுக்கு ஓய்வே இல்லையா என்று கேட்டேன். தான் பிறந்ததிலிருந்து அவை போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன என்கிறாள்.

அண்ணை, இப்போது ஒரு பிரச்சினையைச் சொல்லப்போகிறேன். ஆறுதலாக வாசியுங்கோ.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எடுக்கிற நேரத்துக்கு என்னுடைய ரெலிபோன் அடித்ததும் ஸெஹ்ரா அம்மா "அன்னே, அன்னே!" என்று சிரித்துக்கொண்டு ஓடிவந்து என்னைக் கூப்பிடுவா. நான் "அண்ணை" என்று உங்களைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகி எனக்காகச் சொல்கிறா என்றுதான் நினைத்தேன். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நான் வந்ததிலிருந்து அவ ஒரு வெள்ளைத் தலைத்துண்டின் ஓரத்தில் ஊசியால் சின்னச் சின்னப் பூவாக நூல் கோத்துக்கொண்டிருந்தா. நெல்லுமணி அளவு பூக்கள். பக்கத்தில் இருந்து பார்ப்பது எனக்கு நல்ல விருப்பம். நேற்று அது முடிந்தது. ஆருக்கு என்று கேட்டேன். "அன்னே" என்று சொல்லி என் நெஞ்சைத் தொட்டா. நெஸ்லிஹான் மொழிபெயர்த்தாள்: "உன்ரை அம்மாவுக்கு. மூண்டு மாசத்துக்குத் தன்ரை பிள்ளையை எங்களிட்டைத் தந்த மனிசிக்கு வெறுங்கையோடை ஆளனுப்பலாமோ? நாளைக்கு எங்கடை பிள்ளை அங்கை வந்து நிக்கேக்கை, அங்கையும் ஒரு அன்னே இருக்கிறா எண்டு நான் நிம்மதியாய் இருப்பன் எண்டு அம்மா சொல்லுறா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைத் தினமும் எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பினது அண்ணை, சமைத்தது அண்ணை, காய்ச்சலுக்குக் கசாயம் வைத்தது அண்ணை என்று நான் இத்தனை நாளும் நெஸ்லிஹானுக்குச் சொன்னதெல்லாம் அம்மா என்றே அவர்களின் காதில் விழுந்திருக்கிறது. எனக்கொரு அண்ணன் இருப்பது அவளுக்குத் தெரியும். அம்மாவும் இருக்கிறா என்று நினைத்துவிட்டாள். எங்களுடைய வீட்டில் ஆர் ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தலைத்துண்டை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். உண்மையைச் சொன்னால் நெஸ்லிஹானை அனுப்பமாட்டார்கள். அவள் பாரிசுக்கென்று ஒரு சிவப்பு மேலங்கி வாங்கிக் கதவில் தொங்கவிட்டிருக்கிறாள். என்ன செய்ய?

ரூபி


லா சப்பல்
21 மார்ச் 2012

ரூபி,

சொல்லிவிடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சொல்லு.

கோபம் இல்லை. பிழையாய் விளங்கினது உன்னுடைய குற்றமும் இல்லை, அந்த அம்மாவின் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு பெட்டைப் பிள்ளையைத் தாய் இருக்கிற வீடு என்று நம்பி அனுப்பப் போகிறார்கள். கதவைத் திறந்தால் நான் நிற்கப்போகிறேன். அந்தத் தகப்பனுடைய முகத்தை நினைத்துப் பார். உன்னை அங்கே அனுப்ப முதல் நான் மார்கிரட் மடத்திடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ? "அந்த வீட்டிலை தாய் இருக்கிறாவோ?" அவ ஓம் என்ற பிறகுதான் மற்றதெல்லாம் கேட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அவருக்கு வேண்டியிருக்காதோ?

நான் அந்தத் தேத்தண்ணிக் கடைக்குள் போனேன். கதவு கடிக்கவில்லைத்தான். கடைக்காரரின் பெயர் பெகிர், ஐம்பது வயதிருக்கும். எங்கடை இரண்டு பேருடைய பிரெஞ்சும் ஒரே அளவு, அதனால் கதை நல்லாய் ஓடியது. தங்கச்சி அமாஸ்யாவில் நிற்கிறாள் என்றதும் மேசையைத் துடைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்துவிட்டார். "அண்ணை", "அன்னே" கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிள்ளையை அனுப்பமாட்டாங்கள், தெரியும்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். வெளிக்கிடும்போது காசை எடுத்தேன், கையைப் பிடித்துத் திரும்பப் பொக்கற்றுக்குள்ளேயே வைத்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. இனி எந்த முகத்தோடு திரும்பப் போவது? ஆனால் தேத்தண்ணி நல்லது.

தலைத்துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அண்ணன்


அமாஸ்யா
2 ஏப்ரல் 2012

அன்புள்ள அண்ணைக்கு,

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் குசினியில் இருந்தார்கள். தலைத்துண்டை மேசையில் வைத்து, "எங்கடை வீட்டிலை அன்னே இல்லை. எங்கடை பாசையிலை அண்ணை எண்டால் தமையன்" என்று நெஸ்லிஹானுக்குச் சொன்னேன். அவள் வாயில் கையை வைத்தாள். பிறகு தாய் தகப்பனுக்குச் சொன்னாள். ரெம்ஸி ஐயா கையிலிருந்த கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார். ஒருவரும் கோபிக்கவில்லை.

ஸெஹ்ரா அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டா. "அப்ப உன்ரை அன்னே எங்கை?"

நான் சொல்லத் தொடங்கினேன். முதலில் ஆங்கிலத்தில், நெஸ்லிஹான் மொழிபெயர்த்தாள். இரண்டாயிரத்து ஒன்பது, கடைசிச் சண்டை, பங்கர், கடற்கரை. கொஞ்சத் தூரம் போனதும் அவளால் முடியவில்லை, அழத் தொடங்கிவிட்டாள். நான் நிறுத்தினேன். ஸெஹ்ரா அம்மா கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டு இருந்துகொண்டு, கையால் "சொல்லு, சொல்லு" என்று காட்டினா. மொழிபெயர்க்க ஆளில்லையே என்றேன். தேவையில்லை என்று தலையை ஆட்டினா. அதுக்குப் பிறகு நான் தமிழிலேயே சொன்னேன், அண்ணை. அம்மாவின் கடைசி நாட்கள் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல்லும் விளங்காமல் கடைசி வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. நான் முடித்த பிறகுதான் எழும்பி அடுப்பை மூட்டினா. இந்த மூன்று வருசத்தில் வாய் திறந்து இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மறுநாள் ரெம்ஸி ஐயா அப்பிள் ஒன்றைத் தோல் சீவி, துண்டு வெட்டி, முதல் துண்டைக் கத்தி முனையில் எனக்கு நீட்டியபடி சொன்னார், நெஸ்லிஹான் வரமாட்டாள் என்று. "உன்ரை தமையனிலை எனக்கொரு குறையும் இல்லை. ஆளை எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றார்.

அதிலிருந்து நெஸ்லிஹான் என்னுடன் கதைக்கவில்லை. ஸெஹ்ரா அம்மா முந்தியைவிடக் கூடக் கவனிக்கிறா. அதுதான் தாங்கமுடியாமல் இருக்கிறது. தலைத்துண்டைத் திருப்பி எடுக்கவும் இல்லை. மேசையில் வைத்தால் என்னுடைய அறைக்கு வந்துவிடுகிறது. மார்கிரட் மடத்திடம் சொல்லி முன்னுக்கே வந்துவிடட்டுமா?

ரூபி


லா சப்பல்
14 ஏப்ரல் 2012

அன்பின் ரூபிக்கு,

வராதே. மே மாதம் வரைக்கும் நின்று படிப்பை முடித்துக்கொண்டு வா. நீ பாதியில் வந்தால் அந்த அம்மா தான் ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று நினைப்பா.

நான் கமலராணி அக்காவிடம் போனேன். செவ்ரான் வீட்டில் மூன்று அறை, இரண்டு பெட்டையள், அக்கா எப்போதும் வீட்டில். "அந்தப் பிள்ளை என்ரை பிள்ளையளோடை நிக்கட்டும் தம்பி, இதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறாய்?" என்றா. சந்தோசமாய் வந்து பெகிரிடம் சொன்னேன். அவர் தன்னுடைய ரெலிபோனை எடுத்து, ரெம்ஸி ஐயாவின் இலக்கத்தைக் கேட்டு, அந்த இடத்திலேயே அடித்துவிட்டார். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்டது. பெகிர்தான் மொழிபெயர்ப்பு.

"எத்தினை வயசு?" என்று கேட்டார் ரெம்ஸி ஐயா.

"இருபத்தேழு."

"தங்கச்சி உம்மட்டை வரேக்கை?"

"இருபத்தைஞ்சு."

"சமைக்கிறது ஆர்?"

"நான்."

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால்?"

"நான்தான்."

பிறகு ஏதோ சொன்னார். "கெட்டிக்காரன் எண்டு சொல்லுறார்" என்றார் பெகிர். நான் செவ்ரான் வீட்டைப் பற்றிச் சொன்னேன். அதுக்கு அவர் சொன்னது இதுதான்: "அந்த வீட்டையும் எனக்குத் தெரியாது. உம்மையும் தெரியாது. நீர் இஞ்சை வாரும். எங்களோடை இருந்து சாப்பிடும். அதுக்குப் பிறகு கதைப்பம்."

நான் மரியாதையாய் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் ரூபி, எனக்கு நெஞ்சு எரிகிறது. என்னுடைய வீடு அவருக்குக் காணாது, சரி. அக்காவின் வீடும் காணாது. இப்போது நான் பன்னிரண்டு மணித்தியாலம் பயணம் செய்து போய் அவர் என்னை மேலும் கீழும் பார்க்க முன்னால் இருக்கவேணுமோ? அகதிப் பத்திரத்துக்காகப் பிரெபெக்தூரில் அதிகாரிகளுக்கு முன்னால் இருந்ததெல்லாம் காணாதோ? உன்னை அவ்வளவு நல்லாய்ப் பார்த்த குடும்பம், அதுக்காக அவர்கள் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் திருப்பிச் செய்ய விடாமல் மேலும் மேலும் தருகிறவர்களின் வீட்டில் நான் எப்படிச் சாப்பிடுவது? நான் போகமாட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

அண்ணன் சிவதர்சன்


அமாஸ்யா
28 ஏப்ரல் 2012

அன்புள்ள அண்ணைக்கு,

எழுதாதே என்றீர்கள், ஆனால் எழுதுகிறேன். பெரிய கடிதம் இல்லை.

நீங்கள் மேலும் கீழும் பார்க்கவில்லையா? இந்த வீட்டின் படத்தை மார்கிரட் மடத்திடம் கேட்டு வாங்கினீர்கள். நான் படுக்கிற அறைக் கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கிறதா என்று கேட்டீர்கள். மடம் அதை எழுதிக் கேட்க, ரெம்ஸி ஐயா சிரிக்காமல், கோபிக்காமல், அடுத்தநாளே கடைக்குப் போய்ப் புதுக் கொண்டி வாங்கிப் பூட்டினார். இதை நெஸ்லிஹான் இப்போதுதான் எனக்குச் சொன்னாள். ஓம், கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

பிரெபெக்தூரில் வா என்று கூப்பிட்டா உங்களைப் பார்த்தார்கள்? இவர் வா என்றுதானே சொல்கிறார்.

இங்கே அப்பிள் மரமெல்லாம் பூத்திருக்கிறது. நேற்று நாலு பேருமாக ஆற்றங்கரையில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். வழியால் போன, முன்பின் தெரியாத ஒரு சோடியை ஸெஹ்ரா அம்மா கூப்பிட்டு இருத்திவிட்டா. அவர்களும் வெட்கப்படாமல் இருந்து சாப்பிட்டார்கள். "ஆக்கள் ஆர்?" என்று பிறகு கேட்டேன். "தெரியாது, பசியாய்த் தெரிஞ்சுது" என்றா. அந்தப் பெண் போகும்போது ஒன்றும் தரவில்லை, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனா. அதோடு முடிந்தது. நீங்கள் பார்த்திருக்கவேணும்.

நான் பன்னிரண்டாம் திகதி வந்துவிடுவேன். ஓகஸ்டில் உங்களுடைய ரெஸ்ரோறன்ற் பூட்டுகிற நாட்களில் வேறு எங்கே போகப்போகிறீர்கள்? ஒவ்வொரு வருசமும் அந்த நாட்களில் வேறு ஒரு குசினியில் போய் நின்று கோப்பை கழுவுகிறீர்கள். இந்த முறை மட்டும் போய் வாருங்கோ. எனக்காக.

ரூபி


அமாஸ்யா
12 ஓகஸ்ட் 2012

அன்பின் தங்கச்சி ரூபிக்கு,

கடிதம் எழுதவேணும் என்று நான்தான் சட்டம் வைத்தேன், அதனால் எழுதுகிறேன். செவ்ரானில் சுகமாய் இருக்கிறாய் என்று அக்கா ரெலிபோனில் சொன்னா.

நீ ஏறக்குறைய எல்லாம் எழுதியிருந்தாய். ஒன்றை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. இது நோன்பு மாதம். நான் வந்து சேர்ந்தது மத்தியானம். கைக்கு ஒடிக்கொலோன் ஊற்றினார்கள், குடிக்கவில்லை. பிறகு ஸெஹ்ரா அம்மா மேசையில் சோறு, கத்தரிக்காய், சூப் எல்லாம் வைத்தா. ஒரு கோப்பை மட்டும்தான். வெக்கை தாங்காத நாள், அவர்கள் மூன்று பேரும் தண்ணிகூடக் குடிக்காமல் சுற்றி இருந்து என்னைப் பார்க்கிறார்கள். நான் சாப்பிடமாட்டேன் என்றேன். "பயணம் வந்தவருக்கு நோன்பு இல்லை" என்றார் ரெம்ஸி ஐயா. அந்த அம்மா பசியோடு நின்று உப்புப் பார்க்காமல் சமைத்த சோறு. உப்பு அளவாய்த்தான் இருந்தது. சாப்பிட்டேன்.

அடுத்தநாள் நானும் சாப்பிடவில்லை. அந்த அம்மா ஏசினா, எனக்கு விளங்கவில்லை என்கிற மாதிரி இருந்துவிட்டேன். பொழுதுபடக் கோட்டைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணிக் கிளாசைத் தூக்கியது. ரூபி, தண்ணி இவ்வளவு ருசி என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பக்கத்தில் இருந்த ரெம்ஸி ஐயா பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். அதுக்குப் பிறகு அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார் என்ற நினைப்பு எனக்கு வரவேயில்லை.

சாப்பிட்டு முடிய நான் பழக்கத்தில் எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கிவிட்டேன். அந்த அம்மா ஓடிவந்து என் கையிலிருந்த கோப்பையைப் பறித்தா. நான் விடவில்லை, அவவும் விடவில்லை. நெஸ்லிஹான் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். பாரிசில் இறங்கின நாளிலிருந்து நான் எத்தனையோ குசினிகளில் கழுவியிருக்கிறேன், ஒருவரும் என் கையிலிருந்து கோப்பையைப் பறித்ததில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தேன். சும்மா இருந்தேன். முதலில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தால் பழகிவிட்டது.

நேற்று மட்டும் குசினியை எனக்குத் தந்தார்கள், ரூ பெர்தொனேயில் வாங்கிக்கொண்டு வந்த தூள் போட்டுக் கோழிக்கறி வைத்தேன். ரெம்ஸி ஐயா முகம் சிவந்து, வேர்த்து, ஒரு சட்டி மோரையும் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கோ?" என்று கேட்டார்.

யூனில் நின்றுபோன நெஸ்லிஹானின் பயணத்தைப் பற்றி நான் கதை எடுக்கவில்லை. இன்றைக்கு மினிபஸ்ஸில் போகும்போது அவராகவே கமலராணி அக்காவின் புருசனுடைய ரெலிபோன் இலக்கத்தைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பெருநாள் முடிய எடுப்பாராம். எடுத்து என்ன சொல்லுவாரோ தெரியாது. அனுப்பாவிட்டாலும் எனக்கு இப்போது மனத்தாங்கல் இல்லை. அந்தச் சிவப்பு மேலங்கி இன்னும் கதவில்தான் தொங்குகிறது.

இதை எல்லாம் ரெலிபோனில் சொல்லலாம். மற்றதை என்னால் ரெலிபோனில் சொல்லமுடியாது, அதுதான் எழுதுகிறேன்.

இன்றைக்குப் பின்னேரம் ஸெஹ்ரா அம்மா குசினியில் தனிய இருந்தா. நீ தமிழில்தான் சொன்னாய் என்று தெரிந்தும், நெஸ்லிஹானைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டேன், "என்ரை தங்கச்சி எங்கடை அம்மாவைப் பற்றி உங்களிட்டை என்ன சொன்னவள்?" அவ நெஸ்லிஹான் மூலம் சொன்னா: "எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, தம்பி. அவள் உங்கடை பாசையிலைதான் சொன்னவள். நீங்கள்தான் அவளிட்டைக் கேக்கவேணும்."

நீ பாரிசுக்கு வந்து இரண்டு வருசம். நீ ஒருதரம் தொடங்கினாய், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழும்பிவிட்டேன். பிறகு நீ தொடங்கவில்லை. அம்மாவோடு கடைசி வரைக்கும் இருந்தது நீ. நான் அந்த நாட்களில் பாரிசில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அம்மாவைப் பற்றித் தெரியவேணும் ரூபி. என்ன சாப்பிட்டா, என்ன கதைத்தா, என்னைக் கேட்டாவோ, எப்படிப் போனா, எல்லாம்.

சனிக்கிழமை வருகிறேன். வேலை தொடங்க இன்னும் ஒரு கிழமை இருக்கிறது, வேறு குசினி ஒன்றுக்கும் நான் போகப்போவதில்லை. நீ செவ்ரானிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலமை வா. உனக்கு முடியுமென்றால் சொல்லு, முடியாதென்றால் இன்னொருநாள் சொல்லு. நான் எழும்பிப் போகமாட்டேன்.

உன் அண்ணை
சிவதர்சன்